வெரிகோஸுக்கு எந்த ஊசி நல்லது? கேள்வியையே மாற்றிய டாக்டர் டிரெண்டலன்பர்க்கின் கதை

பள்ளிகொண்டா என்ற பெயரே படுத்திருப்பதிலிருந்து வந்ததுதான். பாலாற்றங்கரைக் கோயிலில் உத்திர ரங்கநாதர் கால் நீட்டிப் பள்ளி கொண்டிருக்கிறார். ஆனால் அதே ஊரிலிருந்து காலையில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்கும் டேனரிக்கும் போகிறவர்களுக்குக் கால் நீட்ட நேரம் ஏது? நெடுஞ்சாலை ஓட்டலில் பரிமாறுகிறவர், ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவர், வகுப்பில் பாடம் நடத்தும் டீச்சர் என்று பலருக்கும் நாள் முழுக்க நின்றபடிதான் வேலை.

சில வருஷம் போனதும் கெண்டைக்காலில் பச்சையாக, நெளிநெளியாகப் புடைத்துக்கொண்டு தெரியும். சாயங்காலமானால் கால் கனக்கும், கணுக்கால் வீங்கும், ராத்திரியில் குரக்கு பிடிக்கும். நரம்பு சுருட்டிக்கிச்சு என்பார்கள் வீட்டில். வெரிகோஸ் வெயின் என்பார் டாக்டர். உடனே செல்போனில் தேடல் தொடங்கும். ஆபரேஷன் இல்லாமல் ஊசியிலேயே முடிச்சிடலாமா? எந்த ஊசி நல்லது?

இதற்குப் பதில் தேடிப் போனால், 1924-ல் இறந்துபோன ஒரு ஜெர்மன் அறுவை மருத்துவரிடம் போய் நிற்போம். ஃபிரெடரிக் டிரெண்டலன்பர்க். ஊசி மருந்து எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. எந்த ஊசி என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்று காட்டினார். அது தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டால் பணமும் போகும், நரம்பும் திரும்ப வந்துடும்.

யார் இந்த டிரெண்டலன்பர்க்?

1844 மே 24 அன்று பெர்லினில் பிறந்தார். அப்பா அடால்ஃப் டிரெண்டலன்பர்க் அந்தக் காலத்தில் பெயர்பெற்ற தத்துவப் பேராசிரியர். மகனுக்கு மருத்துவத்தில் நாட்டம். ஸ்காட்லாந்து போய்ப் படிப்பைத் தொடங்கிவிட்டு, பெர்லினுக்குத் திரும்பி முடித்தார். 1866-ல் அவர் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு நமக்கு ஆச்சரியம் தரும். பழங்கால இந்தியர்களின் அறுவை மருத்துவம் பற்றி லத்தீனில் எழுதினார். சுஸ்ருதர் பெயரோடு சேர்த்து நாம் பேசும் மரபை, அறுவை மருத்துவத்தில் நுழையும் 22 வயது ஜெர்மன் இளைஞர் தன் முதல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு பெர்லினில் புகழ்பெற்ற லாங்கென்பெக்கிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அந்த நாட்களிலேயே, ஆபரேஷனின்போது ரத்தம் மூச்சுக்குழாயில் இறங்காமல் தடுக்க, காற்றடைத்த உறை சுற்றிய குழாய் ஒன்றை உருவாக்கினார். இன்று மயக்க மருந்து கொடுக்கும்போது தொண்டை வழியே இறக்கும் குழாயிலும் அப்படியொரு காற்று உறை இருக்கிறது. 1872-ல் ஜெர்மன் அறுவை மருத்துவச் சங்கம் தொடங்கியபோது அதை நிறுவியவர்களில் இவரும் ஒருவர். 1875-ல் ரோஸ்டாக், 1882-ல் பான், 1895-ல் லைப்சிக் என மூன்று பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக இருந்தார்.

ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்கிற எந்த நர்ஸிடம் கேட்டாலும் இவர் பெயரைச் சொல்வார். நோயாளியின் தலை கீழேயும் இடுப்பு மேலேயும் இருக்கும்படி மேசையைச் சாய்ப்பதற்கு டிரெண்டலன்பர்க் பொசிஷன் என்று பெயர். அப்படிச் சாய்த்தால் குடல் நெஞ்சுப் பக்கம் சரிந்துவிடும், அடிவயிற்றில் வேலை செய்ய இடம் கிடைக்கும். 1885-ல் அவருடைய மாணவர் வில்லி மேயர் இதை எழுதி வெளியிட்டார். உடம்பைச் சாய்த்தால் உள்ளே இருப்பது எந்தப் பக்கம் ஓடும் என்று யோசித்த அதே மனம்தான், பிறகு காலிலும் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டது.

சுருட்டிக்கொள்வது நரம்பே இல்லை

முதலில் ஒரு விஷயம். வெரிகோஸில் புடைத்து நிற்பது நரம்பு அல்ல, ரத்தக் குழாய். காலிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் சிரை. நின்றுகொண்டிருக்கும்போது இந்த ரத்தம் மேல்நோக்கி ஏறியாக வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை பம்ப் மாதிரி அழுத்தி மேலே தள்ளும். தள்ளிய ரத்தம் திரும்ப இறங்காமல் வழிநெடுக வால்வுகள் கதவு போல மூடிக்கொள்ளும்.

இந்தக் கதவுகள் பழுதானால் ரத்தம் கீழே இறங்கித் தேங்கும். தேங்கத் தேங்கக் குழாய் விரிந்து நெளியும். பரம்பரை, கர்ப்பகாலம், உடல் எடை, வயது, மணிக்கணக்கில் நிற்பது எல்லாமே இதில் சேரும். பலருக்கு இது கால்வலியோடு நின்றுவிடும். சிலருக்குக் கணுக்கால் பக்கம் தோல் கறுத்து, தடித்து, கடைசியில் ஆறாத புண்ணாகும். டேனரியில் ஈரத்தில் நிற்கிறவருக்கு அப்படி ஒரு புண் வந்தால் வேலைக்குப் போவதே பெரும்பாடு.

டேனின் ஊசி போட்ட காலம்

டிரெண்டலன்பர்க் வாழ்ந்த காலத்திலேயே இதற்கு ஊசி இருந்தது. 1853-ல் பிரான்சின் பிரவாஸ் என்ற மருத்துவர் வெள்ளியில் ஒரு சிறிய சிரிஞ்சு செய்து, ரத்தக் குழாய்க்குள் இரும்பு உப்பைச் செலுத்திப் பார்த்தார். அதே இரும்பு உப்பை வேறு மருத்துவர்கள் வெரிகோஸ் நரம்பில் ஏற்றினார்கள். அடுத்த வருஷமே இன்னொரு பிரெஞ்சு மருத்துவர் அயோடினையும் டேனினையும் கலந்து 16 பேருக்குப் போட்டார். டேனின் நம் பகுதிக்குப் புதிதல்ல. ஆவாரம் பட்டையில் ஊறவைத்துத் தோலைப் பதப்படுத்தும்போது வேலை செய்வது அதே வகைப் பொருள்தான்.

யோசனை எளிது. குழாயின் உட்சுவரை ரசாயனத்தால் புண்படுத்தினால் அது ஒட்டிக்கொண்டு மூடிவிடும். ஆனால் அந்த மருந்துகள் கடுமையானவை. கிருமி பற்றிய அறிவும் அப்போது பரவவில்லை. சீழ் பிடித்தது, ரத்தக்கட்டி நகர்ந்தது, உயிரும் போனது. 1894 வாக்கில் ஊசி முறையையே மருத்துவர்கள் பெரும்பாலும் கைவிட்டார்கள்.

பான் நகரில் ஒரு பரிசோதனை

பான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது டிரெண்டலன்பர்க் நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயரத் தூக்கினார். புடைத்த குழாய்கள் காலியாகித் தட்டையாயின. தொடையில் மேலோட்டமாக ஓடும் பெரிய சிரையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நோயாளியை நிற்கச் சொன்னார். குழாய்கள் உடனே புடைக்கவில்லை. விரலை எடுத்ததுமே மேலிருந்து ரத்தம் கொட்டிக் குழாய்கள் நொடியில் நிரம்பின.

இங்கிலாந்தின் பிராடி இதற்கு முன்பே இப்படிச் செய்து பார்த்து எழுதியிருந்தார். அதிலிருந்து சிகிச்சைக்கு வழி கண்டவர் டிரெண்டலன்பர்க். கெண்டைக்காலில் நெளிவது விளைவுதான், கோளாறு தொடையில் இருக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். தொடையின் மேல்பக்கத்தில் வால்வு பழுதானதால் ரத்தம் மேலோட்டமான சிரை வழியே இறங்குகிறது. கீழே ஆழமான சிரைக்குள் போய் மேலே ஏறுகிறது. ஏறியதில் ஒரு பகுதி அதே பழுதான கதவு வழியே மறுபடி இறங்குகிறது. இதயத்துக்குப் போக வேண்டிய ரத்தம் காலுக்குள்ளேயே வட்டமடிக்கிறது.

மேல்மாடியில் தண்ணீர்த் தொட்டி வால்வு கெட்டுப்போய்க் கீழ்வீட்டுச் சுவர் ஊறினால், சுவருக்கு எத்தனை தரம் பூசினாலும் என்ன பயன்? வால்வைத்தான் மூட வேண்டும். டிரெண்டலன்பர்க் செய்தது அதுதான். தொடையில் சிறிதாக வெட்டி, அந்தப் பெரிய சிரையைக் கட்டினார். 1890-91-ல் இதை வெளியிட்டார். தொடைச் சிரையைக் கட்டும் இந்த ஆபரேஷனை இன்றும் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் டிரெண்டலன்பர்க் ஆபரேஷன் என்றே எழுதுகிறார்கள்.

அது முழு வெற்றி அல்ல. அவருடைய உதவியாளர் பெர்தெஸ் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1895-ல் முடிவுகளை எழுதினார். பெரும்பாலோருக்கு நல்ல பலன், சிலருக்கு நரம்பு திரும்ப வந்தது. காரணம், டிரெண்டலன்பர்க் கட்டிய இடம் தொடையின் நடுவை ஒட்டி இருந்தது. அதற்கு மேலே பிரியும் கிளைகள் வழியாகக் கசிவு தொடர்ந்தது. பிறகு வந்தவர்கள் தொடை இடுக்கிலேயே, ஆழமான சிரையோடு சேரும் வாசலிலேயே கட்டத் தொடங்கினார்கள். கசிவின் மூலத்துக்கு எவ்வளவு பக்கத்தில் மூடுகிறோமோ அவ்வளவு நல்லது என்று அவருடைய தோல்விகளே சொல்லிக்கொடுத்தன.

திரும்பி வந்த ஊசிகள்

1911-ல் அவர் ஓய்வுபெற்றார். அதன்பின் அவர் கண்முன்னேயே ஊசி திரும்பி வந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில், சிஃபிலிஸ் நோய்க்கு ஊசி போட்ட கையில் சிரை கெட்டியாகி மூடிக்கொள்வதைப் பிரெஞ்சு மருத்துவர் சிகார் கவனித்தார். 1920 வாக்கில் சோடியம் சாலிசிலேட்டை வெரிகோஸுக்குப் பயன்படுத்தினார். அடுத்து குயினைன், கடும் உப்புநீர் என்று வரிசையாக வந்தன. இன்று நீங்கள் கேள்விப்படக்கூடியவை இவை:

கடும் உப்புநீர்: ஒவ்வாமைப் பயம் கிடையாது. ஆனால் போடும்போது எரியும், தசை பிடிக்கும். குழாய்க்கு வெளியே கசிந்தால் தோல் புண்ணாகும். மெல்லிய சிலந்திவலை நரம்புகளுக்கு மட்டுமே ஒத்துவரும்.

எஸ்டிஎஸ் (சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட்): 1946 முதல் இருக்கிறது. சோப்பு போன்ற குணம் கொண்டது. குழாயின் உள்ளுறையைக் கழற்றிவிடும். அதே அளவு செறிவில் பாலிடோகனாலைவிட வலுவானது. அதனால் கசிந்தால் பாதிப்பும் அதிகம்.

பாலிடோகனால்: 1930-களில் மரத்துப்போகச் செய்யும் மருந்தாக உருவாக்கப்பட்டது. குழாயை மூடிவிடுவது தெரிந்ததும் 1960-களில் வெரிகோஸ் பக்கம் வந்தது. வலி குறைவு. மெல்லிய நரம்புக்குக் குறைந்த செறிவிலும் பெரிய சிரைக்கு அதிகச் செறிவிலும் போடுவார்கள்.

மருந்தின் பெயரைவிட முக்கியமானது அது திரவமா, நுரையா என்பது. பெரிய சிரையில் திரவத்தைப் போட்டால் ரத்தத்தோடு கலந்து நீர்த்துப்போகும். நுரையோ ரத்தத்தைத் தள்ளிவிட்டுச் சுவரில் போய் ஒட்டும். ஸ்பெயினின் கப்ரேரா 1990-களில் நுரை முறையைப் பெரிய சிரைகளுக்குக் கொண்டுவந்தார். 2000 வாக்கில் இத்தாலியின் டெசாரி அதை எளிதாக்கினார். இரண்டு சிரிஞ்சு, நடுவில் மும்முனை வால்வு ஒன்று, ஒரு பங்கு மருந்துக்கு நாலு பங்கு காற்று. மாற்றி மாற்றித் தள்ளினால் நுரை தயார். எஸ்டிஎஸ், பாலிடோகனால் இரண்டுமே நுரையாகும். உப்புநீர் ஆகாது.

ஊசியா, ஆபரேஷனா?

1960-களில் டப்ளின் நகரின் ஃபெகன் என்ற மருத்துவர், ஊசி போட்டதும் காலை இறுக்கிக் கட்டி நடக்கவிட்டு நல்ல பலன் காட்டினார். ஊசியே போதும், ஆபரேஷன் எதற்கு என்ற எண்ணம் பரவியது. லண்டன் அறுவை மருத்துவர் ஹாப்ஸ் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 1974-ல் முடிவை வெளியிட்டார். ஆரம்பத்தில் ஊசி நன்றாகவே தெரிந்தது. வருஷங்கள் ஓடியதும் படம் மாறியது. தொடையின் பெரிய சிரையில் கசிவு இருந்தவர்களுக்கு ஆபரேஷன்தான் நிலைத்தது. அந்தக் கசிவு இல்லாமல் கீழே சிறு குழாய்கள் மட்டும் புடைத்தவர்களுக்கு ஊசியே மேல். டிரெண்டலன்பர்க் விரல் வைத்துக் காட்டியது, 80-க்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பிறகு ஒப்பீட்டு ஆய்விலும் தெரிந்தது.

நுரை வந்த பிறகு நிலைமை மாறியதா? ஓரளவு. நுரை ஊசி தொடைச் சிரையையே மூடக்கூடியது, அதனால் சண்டை சமமானது. பிரிட்டனில் 798 பேரை வைத்து நுரை, லேசர், ஆபரேஷன் மூன்றையும் ஒப்பிட்டு 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. மூன்றாலும் நோயாளிகள் நலமடைந்தார்கள். ஆனால் சிரை முழுதாக மூடியிருப்பது நுரையில் குறைவாக இருந்தது. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது லேசரும் ஆபரேஷனும் முன்னால் இருந்தன. அந்நாட்டு அரசின் வழிகாட்டுதல் 2013-லேயே வரிசை சொல்லிவிட்டது. பெரிய சிரையில் கசிவு இருந்தால் முதலில் லேசர் அல்லது ரேடியோ அலைச் சூட்டால் மூடுவது, அது முடியாவிட்டால் நுரை, அதுவும் முடியாவிட்டால் ஆபரேஷன்.

அதற்காக நுரையை மட்டமாக நினைக்க வேண்டாம். மயக்க மருந்து வேண்டாம், செலவு குறைவு, வயதானவர்களுக்கும் ஆபரேஷனுக்குப் பின் திரும்ப வந்த நரம்புக்கும் வசதி. 2018-ல் வெளியான இன்னொரு பிரிட்டன் ஆய்வில், ஆறாத புண்ணோடு வந்தவர்களுக்குச் சிரையைச் சீக்கிரமே மூடியபோது பாதிப் பேருக்குப் புண் 56 நாளுக்குள் ஆறியது. சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களுக்கு அதற்கு 82 நாள் ஆனது. சீக்கிரம் மூடப்பட்டவர்களில் பலருக்குப் போட்டது நுரை ஊசிதான். ஆக, புண் வந்தவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டே இருப்பது போதாது. சிரையையும் உடனே பார்க்க வேண்டும்.

நெஞ்சுக்குப் போகும் கட்டி

டிரெண்டலன்பர்க்கின் கடைசிப் போராட்டமும் கால் சிரையோடு தொடர்புள்ளதுதான். காலின் ஆழமான சிரையில் உறையும் ரத்தக்கட்டி பிய்த்துக்கொண்டு போய் நுரையீரல் குழாயை அடைத்தால் நிமிஷங்களில் உயிர் போகும். ஆபரேஷன் நன்றாக முடிந்து, வீட்டுக்குப் போகும் நேரத்தில் இப்படிச் சாகும் நோயாளிகளை அவர் கண்டிருந்தார். நெஞ்சைத் திறந்து கட்டியை வெளியே எடுத்துவிடலாம் என்று நம்பினார். கன்றுக்குட்டிகளில் செய்து பார்த்தார். 1908-ல் மனிதர்களில் முயன்ற முறையை அறிவித்தார். இதய நுரையீரல் இயந்திரம் இல்லாத காலம் அது. அவர் கையில் ஒரு நோயாளியும் பிழைத்து வீடு திரும்பவில்லை.

1924 மார்ச்சில் இன்னொரு ஜெர்மன் அறுவை மருத்துவரான மார்ட்டின் கிர்ஷ்னர் அதே ஆபரேஷனைச் செய்து நோயாளியைப் பிழைக்கவைத்தார். டிரெண்டலன்பர்க் அப்போது உயிரோடு இருந்தார், 80 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று, பெர்லினை அடுத்த நிக்கோலாசேயில், தாடைப் புற்றுநோயால் இறந்தார்.

இந்தப் பயம் இன்றைய ஊசிக்கும் பொருந்தும். நுரை ஊசிக்குப் பிறகு ஆழமான சிரையில் கட்டி உறைவது அரிது, ஆனால் நடக்காதது அல்ல. அதனால்தான் ஊசி போட்டதும் படுத்துக்கொள்ளாமல் நடக்கச் சொல்கிறார்கள், இறுக்கமான ஸ்டாக்கிங் போடச் சொல்கிறார்கள். ஊசி போட்ட இடம் பழுப்பாவது, தொட்டால் வலிக்கும் கெட்டி தங்குவது சகஜம். கண் மங்குவது, தலைவலி சிலருக்கு வந்து போகும். ஆனால் கால் திடீரென்று வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்கக் கூடாது. நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கிளினிக்கில் என்ன கேட்கணும்?

டிரெண்டலன்பர்க்கின் விரல் செய்த வேலையை இன்று டாப்ளர் ஸ்கேன் செய்கிறது. எந்த வால்வில் கசிவு, ரத்தம் எத்தனை நொடி பின்னோக்கி ஓடுகிறது, ஆழமான சிரை திறந்திருக்கிறதா என்று எல்லாமே தெரியும். அம்மாவையோ அக்காவையோ அழைத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால் இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கவைத்து டாப்ளர் எடுத்தாச்சா? படுக்கவைத்து மட்டும் எடுத்தால் கசிவு சரியாகத் தெரியாமல் போகலாம்.

கசிவு தொடை இடுக்கில் தொடங்குகிறதா, முழங்காலுக்குப் பின்னாலா, இல்லை கீழே மட்டுமா? மேலே கசிவு இருந்தால் முதலில் அதை எப்படி மூடப் போகிறார்கள்?

ஊசி என்றால் திரவமா, நுரையா? மருந்து எது, செறிவு எவ்வளவு? பெரிய சிரையில் போடும்போது ஸ்கேன் பார்த்தபடி போடுவார்களா?

முன்பு காலில் ரத்தக்கட்டி வந்திருந்தாலோ, மருந்து ஒவ்வாமை இருந்தாலோ, இதயத்தில் பிறவித் துளை இருந்தாலோ டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிடுங்க. கர்ப்பமாக இருக்கும்போது இந்த ஊசி வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு பல குழாய்கள் தாமாகவே சுருங்கும்.

மேலே கசிவே இல்லை, சிலந்திவலை போல மெல்லிய கோடுகள்தான் என்றால் பதற வேண்டியதில்லை. அதற்குச் சாதாரணத் திரவ ஊசியே போதும். அழகுக்காக வேண்டாம் என்று விட்டாலும் ஆபத்தில்லை.

பள்ளிகொண்டாவிலிருந்து வேலூர் பஸ் பிடித்தால் சிஎம்சியில் ரத்தநாள அறுவைப் பிரிவே இருக்கிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. கம்பெனியில் இஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால், கையிலிருந்து பணம் போடுவதற்கு முன் இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் கேட்டுப் பாருங்கள்.

எந்தச் சிகிச்சை எடுத்தாலும் வேலை மாறப் போவதில்லை. நிற்கும்போது அடிக்கடி குதிகாலைத் தூக்கி இறக்குவது, இடைவேளையில் நாலு எட்டு நடப்பது, காலையில் எழுந்ததுமே ஸ்டாக்கிங் மாட்டுவது, ராத்திரி காலுக்கு அடியில் தலையணை வைத்து இதயத்துக்கு மேலே இருக்கும்படி உயர்த்திப் படுப்பது என்று இவற்றுக்கு அதிகச் செலவில்லை. படுக்கவைத்துக் காலைத் தூக்கியதும் குழாய் காலியாவதைத்தான் டிரெண்டலன்பர்க்கும் முதலில் பார்த்தார்.